தலைவரம்மாவின் மாதிரிக் கையெழுத்து

ராசாத்தாள் எங்கள் ஊராட்சித் தலைவராக இருந்த ஐந்து வருடமும் நான்தான் எழுத்தர். முதல் மூன்று வருடம் அவர் ஒரு காகிதத்தில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. தீர்மானப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவேன். கணவர் அங்கப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'அ. ராசாத்தாள்' என்று கடைசி எழுத்துக்கு ஒரு நீள வால் விட்டுப் போட்டுக் கொடுப்பார். தொண்ணூற்றாறில் பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சி அது. போஸ்டரில் இருந்தது அந்தம்மா பேர், மாலை விழுந்தது அங்கப்பன் கழுத்தில். பேங்கிலும் பி.டி.ஓ. ஆபீஸிலும் கொடுத்த மாதிரிக் கையெழுத்து உட்பட எல்லாம் அவர் கைதான். ஐந்தாவது வரை படித்த பொம்பளை உள்ளே இருக்க, "அக்காவைக் கூப்பிடுங்க" என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. யோக்கியன் வேஷம் போட எனக்கு அருகதை கிடையாது.

தொண்ணூற்றொன்பது ஆடியில் ராசாத்தாளின் மகள் இளவேனில் தாய் வீட்டுக்கு வந்தாள். இரண்டு தடவை கலைந்துபோய், மூன்றாவது தங்கி ஐந்தாம் மாதம். அவிநாசி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பஸ் கூடாது, கார் கூடாது, பிரசவம் வரைக்கும் படுத்தே இருக்க வேண்டும். பின்கட்டு அறையில் கட்டில் போட்டார்கள். அவள் வந்த பத்தாம் நாள், ஜன்னலுக்கு நேர் எதிரே வேலிக்கு அந்தப் பக்கம் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். செல்போன் டவருக்கு.

எங்கள் ஊரில் செல்போனைக் கண்ணால் பார்த்தவர்களே பத்துப் பேர் இருக்கமாட்டார்கள். ஆனால் மருதாசலம் வாத்தியார் பேப்பரில் படித்துவிட்டார். டவரிலிருந்து வரும் அலை உடம்புக்கு ஆகாது என்று சிலரும், ஒன்றும் செய்யாது என்று சிலரும் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தது. வாத்தியார் முதல் பாதியை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டினார். எது நிஜமென்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஆனால் இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்று யார் சொல்வது? இளவேனில் ஜன்னலைச் சாத்தச் சொல்லி அழுதாள். சாத்தினால் புழுங்கியது. திறந்தால் கம்பி கட்டுவது தெரிந்தது.

"நீதானம்மா தலைவர். நிறுத்தச் சொல்லும்மா," என்றாள்.

மறுநாள் ராசாத்தாள் முதன்முறையாக ஊராட்சி ஆபீஸ் படியேறினார். நான் எழுந்து தலைவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

"தனபாலு, அந்த டவருக்கு நம்மகிட்டக் கேட்டாங்களா?"

"கேட்டாங்கக்கா. ஆட்சேபனை இல்லீன்னு குடுத்துப்போட்டோமுங்க."

"ஆரு குடுத்தது?"

ஃபைலை எடுத்து நீட்டினேன். சித்திரை மாதத் தேதி. கீழே நீள வாலோடு அவர் பேர். இடம் அங்கப்பனின் தங்கை வீட்டுக்காரருடையது. மச்சான் கேட்டால் இவர் மாட்டேன் என்பாரா? அந்தம்மா அந்த வாலின் மேல் விரலை வைத்தார். "எம் புள்ளைக்குக் குழி தோண்ட நானே கையெழுத்துப் போட்டிருக்கறேன் பாரு," என்றார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

அங்கப்பனிடம் கேட்டதற்கு, "மச்சான் மொகத்துல எப்புடி முழிக்கறது? பொண்ணு படுத்துக்கெடக்கறது டவருக்குத் தெரியுமா?" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ராசாத்தாள் கூட்டம் போட்டார். வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நூறு மீட்டருக்குள் டவர் கூடாது, கொடுத்த சம்மதம் ரத்து என்று தீர்மானம். வார்டு மெம்பர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்தம்மா பேனாவை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக, உருண்டை உருண்டையாகத் தன் பேரை எழுதினார். வால் இல்லை.

எட்டாம் நாள் பி.டி.ஓ. ஆபீஸிலிருந்து அது திரும்பி வந்தது: தலைவரின் கையெழுத்து மாதிரியோடு ஒத்துப்போகவில்லை.

நேரில் போனோம். அங்கே இருந்தவர் நல்ல மனுஷன்தான், மெதுவாகவே கேட்டார். "இது உங்க கையெழுத்துன்னா, மூணு வருஷமா வந்ததெல்லாம் யாரோடதுங்கம்மா? எழுதிக் குடுங்க, போலீஸுக்கு அனுப்பறேன்." எழுதிக் கொடுத்தால் அங்கப்பன் உள்ளே போவார், கூடவே நானும் போவேன். தகப்பனைப் போலீஸ் இழுத்துப்போகிற வீட்டில் அந்தப் பெண்ணின் வயிற்றில் பிள்ளை தங்குமா? எழுதிக் கொடுக்காவிட்டால் டவர். அந்தம்மா தீர்மானத்தை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

பஸ்ஸில் வரும்போதுதான் கேட்டார். "பழைய தீர்மானப் புஸ்தகம் ஒண்ணு ஊட்டுக்குக் கொண்டாந்து குடுப்பியா?"

ஒரு வாரம், அங்கப்பன் தோட்டத்துக்குப் போன பிறகு, மகளின் கட்டிலோரம் உட்கார்ந்து, புருஷன் போட்ட தன் பேரைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினார். மாத்திரை அட்டை, மாவுப் பை, எதையும் விடவில்லை. "வால் இன்னுங் கொஞ்சம் நீளோணும்மா," என்று படுத்தபடியே இளவேனில் சொல்லிக்கொடுத்தாள். சிரிப்பு வந்தது எனக்கு. சொந்தப் பேரையே கள்ளக் கையெழுத்தாகப் போட்ட ஒரே தலைவர் எங்கள் ஊரில்தான் இருந்திருப்பார்.

அதே தீர்மானத்தை மறுபடி எழுதி, நீள வாலோடு அனுப்பினோம். இந்தத் தடவை ஒத்துப்போனது. தீர்மானம் செல்லும் என்று தாள் வந்தது, வேலையை நிறுத்தினார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் தெருப் பொம்பளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் தேங்காய் பழத் தட்டோடு தலைவர் வீட்டுக்கு வந்தார்கள். நானும் இருந்தேன். ஊரில் எல்லோருக்கும் தெரியும், நீள வால் விட்ட கையெழுத்து யாருடையதென்று. அந்தம்மா போட்டது திரும்பி வந்ததும் தெரியும். நேரே அங்கப்பன் முன்னால் போய் நின்றார்கள்.

"மச்சானையே பகைச்சுட்டு ஊருக்காகப் போட்டுக் குடுத்துட்டீங்க. நீங்க நல்லா இருக்கோணுமுங்க."

அங்கப்பன் முழித்தார். 'நான் போடவில்லை' என்றால், அப்போது முந்தையதெல்லாம் யார் போட்டது என்ற கேள்வி வரும். அது அவருக்கும் தெரிந்திருந்தது. தட்டை வாங்கிக்கொண்டார். "நம்ம புள்ளைகளுக்குத்தானே" என்றார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாயைத் திறந்தேன். கதவோரம் நின்ற ராசாத்தாள் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"அவுங்களே போட்டதா இருக்கட்டும் தம்பி. புள்ளை பொறக்கட்டும்."

கார்த்திகையில் பிள்ளை பிறந்தது, தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்தார்கள். அதற்குப் பிறகும் அந்தம்மா சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? பதவிக்காலம் முடியும்வரை தீர்மானப் புத்தகத்தில் அவரே கையெழுத்துப் போட்டார், தன் கையால், புருஷன் எழுத்தில். ஊரார் அங்கப்பனுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டே இருந்தார்கள்.