இரண்டு கார்னிவல், ஒரு மலை

ஓர்னெல்லா மிலான் நகரத்தில் டிராம் ஓட்டுகிறாள். பத்தொன்பது வருஷ சர்வீஸ். அவள் வண்டி வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று எங்கள் டிப்போவில் சொல்வார்கள். வீட்டையும் அப்படித்தான் ஓட்டுவாள். குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்கு மலைக்குப் போகிற நாலைந்து நாளையாவது சும்மா விடுவாளா? சரிவின் மேலே ஏற்றிவிடும் முதல் லிப்ட் எட்டரைக்கு என்றால், எட்டு இருபதுக்கே எல்லோரும் பூட்ஸ் மாட்டி வரிசையில் நிற்க வேண்டும். நின்றாலும் திட்டுவாள், அது வேறு விஷயம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கனாசே என்கிற மலையூரில் இதுதான் வினையாகப் போயிற்று. மலை உச்சிச் சாப்பாட்டுக் கடையில் அவள் தம்பி ஃபுல்வியோ பொலெந்தா என்கிற சோளக்களிக்கு இரண்டாவது தட்டு கேட்டுக் கை நீட்டினான்.

"எழுந்திருடா, லிப்ட்ல கூட்டம் சேர்ந்துடும்."

"நான் என்ன உன் டிராம்ல ஏறின ஆளா? மணி அடிச்சு இறக்கிவிடறதுக்கு!"

கடை முழுக்கச் சிரித்தது. மறுநாள் காலையில் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு மோன்சாவுக்கே திரும்பிப் போய்விட்டான். மோன்சா என்ன கண்காணாத சீமையா? மிலானிலிருந்து ரயிலில் கால் மணி நேரம். ஆனாலும் மூன்று வருஷமாக அக்கா தம்பிக்குள் போக்குவரத்தே இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு மெசேஜ், அத்தோடு சரி. ஓர்னெல்லா வெளியே காட்டிக்கொள்ளவில்லை. யாராவது தம்பியைப் பற்றிக் கேட்டால், "அவனுக்கென்ன, நல்லாத்தான் இருக்கான்" என்று பேச்சை வெட்டிவிடுவாள்.

இந்த நவம்பரில் அவனே போன் செய்தான். "அக்கா, பிப்ரவரியில கார்னிவல் லீவுக்கு எல்லாருமா சேர்ந்து மலைக்குப் போலாமா? ஏற்பாடெல்லாம் நீயே பாரு."

நீயே பாரு! அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தன் பிள்ளைகளின் பள்ளி நாள்காட்டியைப் பார்த்தாள். வியாழன், வெள்ளி லீவு. எப்போதும் தங்குகிற எர்மாவின் ஓட்டலில் புதன் இரவு முதல் ஞாயிறு வரை அறை பிடித்தாள். எல்லோருடைய கால் அளவையும் வாங்கிப் பூட்ஸுக்குச் சொன்னாள். தம்பி மகளுக்குச் சறுக்கு வாத்தியாரையும் பேசி வைத்தாள். போதாததற்கு, "மதியச் சாப்பாடு: எவ்வளவு நேரமானாலும் சரி" என்று ஒரு வரி எழுதினாள். அதை எழுத அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பட்டியலை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு, பூரிப்போடு உட்கார்ந்தாள்.

ஐந்தே நிமிஷத்தில் தம்பி மனைவி திட்சியானாவின் குரல் பதிவு வந்தது. அவள் மோன்சாவில் பள்ளி ஆசிரியை.

"அண்ணி, அந்த வியாழக்கிழமை எனக்கு ஸ்கூல் இருக்கே! எங்களுக்குத் திருநீற்றுப் புதனுக்கு முந்தின நாளே கார்னிவல் முடிஞ்சிடும். லீவு திங்களும் செவ்வாயும்தான். நடுவுல லீவு கேட்டா தலைமை ஆசிரியர் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார்."

ஓர்னெல்லா தலையில் அடித்துக்கொண்டாள். மிலான்காரர்களுக்கு இது தீராத நோய். ஊர் உலகமெல்லாம் புதன்கிழமை நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்கினால், நாங்கள் மட்டும் எங்கள் திருச்சபையின் தனி வழக்கப்படி சனிக்கிழமை வரை கூத்தடிப்போம். பக்கத்திலிருக்கும் மோன்சாவோ ரோமாபுரி வழக்கத்தை விடமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது. இந்த வித்தியாசம் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் ஆண்டுதோறும் யாராவது ஒருத்தர் இதில் விழுவார்.

"அவங்க லீவு நாளுக்கு அறை கிடைக்கலன்னு ஓட்டல்காரி மேல பழியைப் போட்டுடு" என்றான் கணவன் ரென்சோ. "இல்லேன்னா உன் தம்பி, 'பாத்தியா, மறுபடியும் அவ டைம்டேபிளுக்கு நாம ஆடணும்'னு ஆரம்பிச்சிடுவான்."

அவள் பயந்ததும் அதைத்தான். பொய் நாக்கு நுனிவரை வந்தது. போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"ஃபுல்வியோ, தப்பு என்னோடதுடா. எங்க கார்னிவலைப் பாத்துப் போட்டுட்டேன். உங்க ஊரை நெனச்சே பாக்கல. நீங்க வேணும்னா உங்க லீவுல தனியா போயிட்டு வாங்க. நான் எர்மாகிட்ட சொல்றேன்."

மறுமுனையில் கடகடவென்று சிரிப்பு.

"அக்கா, பதினோரு வருஷமா இங்க குடியிருக்கேன். போன வருஷம்கூட மிலான் கணக்குல சனிக்கிழமை போய் கார்னிவல் பலகாரம் கேட்டேன். கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பாத்தான். உன் பட்டியலைப் படிச்சுட்டு, சரியாத்தான் இருக்குன்னு திட்சியானாகிட்ட கொடுத்ததே நான்தான்!" சிரிப்பு நின்றது. "அது சரி, தனியா போறதுக்கா நான் உனக்குப் போன் பண்ணேன்?"

"எனக்கு உங்களோடதான்டா போகணும்" என்று சொல்லிவிட்டாள். மூன்று வருஷமாகச் சொல்லாததை ஒரே மூச்சில் சொன்னதில் அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

அதன் பிறகு அவள் செய்ததை டிப்போவில் இன்னும் யாரும் நம்பவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக, தம்பி ஊர்க் கார்னிவல் நாளுக்கு லீவை மாற்றித் தரச்சொல்லிக் கெஞ்சினாள். பிள்ளைகளின் பள்ளிக்கு, "குடும்பக் காரணத்தால் இரண்டு நாள் வர இயலாது" என்று கூசாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிள்ளைகள் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

கடைசியாக எர்மாவை அழைத்தாள்.

"அந்த நாளுக்கு எல்லா அறையும் போயிடுச்சும்மா. கூரைக்கடியில ஒரே ஒரு பெரிய அறைதான் இருக்கு. ஒரே குளியலறை. காலையில சண்டை நாறிடும்."

"நாறட்டும். அதையே கொடுங்க."

"எத்தனை கட்டில் போடட்டும்? மூணு வருஷமா வர்ற மாதிரி நாலு பேர்தானே?"

"இல்ல, ஏழு" என்றாள் ஓர்னெல்லா. எர்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தும் இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்: "ஏழு பேர் வர்றோம்."