மூன்றாவது ஓட்டு

நாமக்கல்லில், லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம். கோழிப்பண்ணைகளுக்கான ஒரு செயலியை நடத்திவந்தோம். ஷெட்டுக்குள் சூடு ஏறினாலோ கரண்ட் போனாலோ பண்ணைக்காரரின் கைப்பேசிக்கு உடனே அழைப்பு போகும். அத்தனைக்கும் இருந்தது ஒரே சர்வர். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இன்னொன்று வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டிருந்தேன். வெயில் காலம் முடியட்டும் என்றார்.

முடிவதற்குள் ஒரு மத்தியானம் சர்வரின் டிஸ்க் செத்துவிட்டது. புது டிஸ்க் போட்டு, காப்பு நகலிலிருந்து எல்லாவற்றையும் மீட்பதற்குள் சாயங்காலமாகிவிட்டது. அதற்கிடையில் ராசிபுரம் பக்கம் ஒரு பண்ணையில் கரண்ட் போய், ஷெட்டில் தண்ணீர் தூவும் மோட்டார் நின்றிருக்கிறது. பண்ணையை நடத்தும் கணவனும் மனைவியும் சொந்தக்காரர் வீட்டுச் சீர் விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். அழைப்பு வரவில்லையென்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதானே நினைப்பார்கள்.

மறுநாள் அந்தப் பண்ணைக்கார அக்கா அலுவலகத்துக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். அக்காவோ நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க சாமி, போனு வரவேயில்லீங்களே," என்றார் என்னைப் பார்த்து. "ஷெட்டுக்குள்ள காலு வெக்க எடமில்லீங்க. கோழி அத்தனையும் வாயப் பொளந்துட்டுக் கெடக்குது. அவரு இன்னும் சோறு திங்கல."

முதலாளிதான் பேசினார். "தப்பு எங்க மேலதானுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ கேட்டத இன்னைக்கே வாங்கீரலாம்மா," என்றார்.

புதிய சர்வர் வந்தது. ஒன்றில் எழுதுவது அந்தக் கணமே மற்றதிலும் எழுதப்படும்படி இரண்டையும் இணைத்தேன். ஒன்றையொன்று 'இருக்கிறாயா?' என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். பதில் வராவிட்டால் இரண்டாவது பொறுப்பை எடுத்துக்கொள்ளும். இப்படிச் சேர்த்துக் கட்டியதைத்தான் கிளஸ்டர் என்கிறோம்.

சோதித்துப் பார்க்க, இரண்டுக்கும் நடுவிலிருந்த கேபிளைப் பிடுங்கினேன். இரண்டும் உயிரோடுதான் இருந்தன. ஆனால் மற்றது செத்துவிட்டதாக இரண்டுமே நினைத்துக்கொண்டு, இரண்டுமே பண்ணைக்காரர்களை அழைக்க ஆரம்பித்தன. அந்த அக்காதான் முதலில் கூப்பிட்டார்.

"ஒரே சேதி ரெண்டு வாட்டி வருதுங்க."

மன்னிப்புக் கேட்டேன்.

"அட, வராம இருக்கறதுக்கு ரெண்டு வாட்டி வரட்டுமுங்க," என்று சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. இரண்டும் தனித்தனியே ஓடி வேறுவேறு தகவல்களை எழுதிவைத்தால் எதை நம்புவது? அதனால் சேலத்திலுள்ள எங்கள் கிளை அலுவலகத்தில் மூன்றாவதாக ஒரு சின்ன மெஷினை வைத்தேன். ஓட்டுப் போடுவது மட்டும்தான் அதன் வேலை. தன் ஓட்டோடு அதன் ஓட்டையும் வாங்கும் சர்வர்தான் ஓடலாம். மற்றது தானே ஒதுங்கிவிடும்.

எல்லாம் தயாரானதும் அக்காவை வரச்சொன்னேன். அவருடைய வீட்டுக்காரர் பண்ணையில், ஷெட் சூடானதுபோல் காட்டுவதற்காக, சூடு அளக்கும் கருவியை வெந்நீர்ச் சொம்பின் மேல் பிடித்தபடி நின்றார். ஓடிக்கொண்டிருந்த சர்வரின் கரண்ட் ஒயரை அக்காவிடம் காட்டினேன்.

"புடுங்குங்கக்கா."

"நானுங்களா?"

தயங்கித் தயங்கிப் பிடுங்கினார். சர்வரின் விளக்குகள் அணைந்தன. அப்புறம் அவர் மடியில் இருந்த கைப்பேசி அடித்தது. பதிவு செய்த குரல்தான். ஆனாலும் அவர் "ஆமாங்க, ஆமாங்க" என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே கடைசிவரை கேட்டார்.

"அன்னைக்கு இது இருந்திருந்தா போனு வந்திருக்குமுங்களா?"

"வந்திருக்குமுங்கக்கா."

தலையாட்டினார். கண் நிறைந்துவிட்டது. டீ வரவழைத்தோம்; அது ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வெயிலில் முதல் சர்வர் நிஜமாகவே படுத்துவிட்டது. நான் ஓமலூரில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தேன். இரண்டாவது ஓட ஆரம்பித்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. கை கழுவியதும் அக்காவைக் கூப்பிட்டேன்.

"போன் ஒழுங்கா வருதுங்களா?"

"வருதுங்களே. இப்பத்தான் கரண்டு போச்சுன்னு சொல்லுச்சு. அவரு ஜெனரேட்டர் போடப் போயிருக்காரு. ஏன் சாமி, ஏதாச்சும் ஆச்சுங்களா?"

"ஒண்ணும் ஆகலீங்கக்கா," என்றேன். மறுநாள் நிதானமாகப் போய் டிஸ்க்கை மாற்றினேன்.