ஸ்டாப்தானே பண்ணேன்?

இந்தப் பக்கத்தில் வாராவாரம் சிரிக்கச் சிரிக்க எழுதுகிறேன் என்று உங்களில் சிலர் சொல்வதுண்டு. இந்த வாரம் சிரிப்பு வரவில்லை. வயிறு எரிகிறது!

போன வியாழக்கிழமை திருப்பதியில் வீட்டு வேலையாக இருந்தேன். சித்தி மகன் முனிரத்தினம் போன் செய்தான்.

"அக்கா, சித்தூர் ஃபேக்டரி வாசல்ல நிக்கிறேன். டிராக்டர் நெறைய காய் ஏத்திக்கினு வந்துகீறேன். மெசேஜ் இல்லாம உள்ள வுட மாட்டேன்றாங்க. நீதான் காலேஜ்ல கம்ப்யூட்டர் கத்துக் குடுத்தவளாச்சே... கொஞ்சம் வாயேன்!"

முனிரத்தினத்துக்கு நகரி பக்கத்தில் ஒரு கிராமம். அடுத்தவர் தோப்பில் கூலிக்குக் காய் பறித்தே வளர்ந்தவன். இந்த வருடம்தான் துணிந்து, முதன்முதலாக, ஒரு தோத்தாபுரி மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தான். அந்த டிராக்டரில் இருந்தது அவனுடைய முதல் லோடு.

மாங்கூழ் ஃபேக்டரியில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். யார் எந்த நாள் லோடு கொண்டுவர வேண்டும் என்று செல்லுக்கு மெசேஜ் வரும். அதன் பிறகுதான் மரத்திலிருந்து இறக்க வேண்டும். முற்றிய காயாக வந்தால்தான் எடுப்பார்கள். பழுக்க வைப்பது அவர்கள் வேலை. மரத்திலேயே கனிந்துவிட்டால்... மாட்டுக்குத்தான் போட வேண்டும்.

இவனுக்கு மெசேஜ் வரவில்லை. ஆபீசுக்குப் போன் போட்டால், "க்யூவில் இருக்கிறது, வரும்" என்று பதில். நான் திருப்பதிக்காரி. க்யூ என்றால் எனக்குத் தெரியும் — ஆமை வேகத்திலாவது நகரும். இது நகரவே இல்லை! பழம் உதிர ஆரம்பித்ததும், ஆனது ஆகட்டும் என்று இறக்கி ஏற்றிவிட்டான்.

பஸ் பிடித்துப் போனேன். அவனையும் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். மேனேஜர் தெலுங்குக்காரர், நல்ல மனிதர். எழுந்து நின்று வரவேற்றார்.

"ரண்டி மேடம், ரண்டி! கம்ப்யூட்டர்ல ஒரு ப்ராப்ளமும் லேது. சென்னையிலேர்ந்து எக்ஸ்பர்ட் வந்து, ரெண்டு வாரமா இங்கேயே இருந்து சரி பண்ணிட்டாரு. இப்போ பலே ஃபாஸ்ட்!"

எக்ஸ்பர்ட் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தார். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"சர்வர் ரொம்ப ஸ்லோவா இருந்துது மேடம். பேக்கிரவுண்டுல தேவையில்லாத சர்வீஸ் நிறைய ஓடிட்டிருந்துது. எல்லாத்தையும் ஸ்டாப் பண்ணிட்டேன்."

தேவையில்லாததா? பேக்கிரவுண்ட் சர்வீஸ் என்பது திரையில் தெரியாமல் பின்னால் ஓடுகிற வேலை. திருமலை மடப்பள்ளி மாதிரி. தரிசனத்துக்குப் போகிறவர் கண்ணில் படாது. அதற்காக அடுப்பை அணைத்துவிட்டால் பிரசாதம் எங்கிருந்து வரும்?

லிஸ்டைக் காட்டச் சொன்னேன். வரிசையாகப் பெயர்கள். நடுவில் ஒன்று, ஆங்கில எழுத்தில் — 'ஆபொத்து'. அதற்கு எதிரே 'ஸ்டாப்டு' என்று இருந்தது.

தெலுங்கு தெரியாத வாசகர்களுக்குச் சொல்கிறேன். ஆபொத்து என்றால்... நிறுத்தாதே!

புதிதாகப் பதிவு செய்த விவசாயிகளுக்கு மெசேஜ் அனுப்புகிற சர்வீஸே அதுதான். எழுதிக் கொடுத்தவன் சித்தூர்ப் பையன். பெங்களூரு போனான், அங்கிருந்து அமெரிக்கா போய்விட்டான். நம் ஊர் மூளைகளுக்கெல்லாம் இப்போது அதே ரூட்தானே? தான் போன பிறகு யாராவது வந்து கை வைப்பார்கள் என்று தெரிந்து, பெயரையே எச்சரிக்கையாக வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பாவம், சென்னையிலிருந்து ஆள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

"ஆப்-னு ஆரம்பிச்சுது மேடம்... யாரோ டெஸ்ட்டுக்குப் போட்ட ஆப்-னு நினைச்சேன்."

நினைத்தாராம்! எனக்கு வந்ததே கோபம்!

பக்கத்தில் மேனேஜர். வாசலில் வாட்ச்மேன். காபி கொண்டுவந்த அம்மாள். அந்தக் கட்டடத்திலேயே அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாத ஒரே ஆள் இவர்தான். "இது என்னங்க?" என்று கேட்டிருந்தால் வாயில் இருக்கிற முத்தா உதிர்ந்துவிடும்?

இவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. புதிதாக வந்து உட்காருகிற எல்லோருக்கும் இதே வியாதி. முதல் வேலையாக எதையாவது நிறுத்தியாக வேண்டும். கிராமத்துக்குப் போகிற கடைசி பஸ்ஸை நிறுத்துவார்கள். எதற்காக ஓடிக்கொண்டிருந்தது, யார் அதை நம்பியிருந்தார்கள் — ஊஹூம், கேட்க மாட்டார்கள். நிறுத்திவிட்டு, ஃபாஸ்ட் என்று வேறு பீற்றிக்கொள்வார்கள். வேலையே செய்யாவிட்டால் எதுதான் ஃபாஸ்டாக இருக்காது?

இதையெல்லாம் கத்தியே சொன்னேன். வாசல் வரை கேட்டிருக்கும்.

அவர் பதறிப்போய் ஒரு கிளிக் செய்தார். உடனே முனிரத்தினத்தின் சட்டைப் பையில் செல் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தான். லோடு கொண்டுவரச் சொல்லி மெசேஜ் வந்திருந்தது — முந்தின வாரத்துத் திங்கட்கிழமைக்கு!

மேனேஜர் முகம் சுருங்கிவிட்டது. கேட்டைத் திறக்கச் சொன்னார். முனிரத்தினம் டிராக்டருக்கு ஓடினான். காய் பார்க்கிற ஆள் ஒவ்வொரு கூடையாக அமுக்கிப் பார்த்து, பாதிக்கு மேல் ஒதுக்கித் தள்ளியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முனிரத்தினம் அந்த ஆளிடம் கெஞ்சவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மேடம், நீங்க ரொம்பக் கோவப்படறீங்க," என்றார் எக்ஸ்பர்ட். "டெலீட்டா பண்ணேன்? ஸ்டாப்தானே பண்ணேன்? இதோ ஸ்டார்ட் பண்ணிட்டேன். எல்லாம் பழையபடி ஆயிடுச்சு."

முனிரத்தினம் உள்ளே வந்து நின்றிருந்தான். கையில் தோல் வெடித்த ஒரு பழம். அதை மெதுவாக அவருடைய கீபோர்டு பக்கத்தில் வைத்தான்.

"அப்படியே இதையும் காயா ஆக்கிக் குடுங்க சார்."