ஆட்டு ஊசியும் வாட்ஸ்அப் குழுவும்

எங்கள் ஊர் முக்கில் செல்போன் கடை வைத்திருப்பவர் மேல் எனக்குப் பொறாமை. சுற்றி வளைப்பானேன், வயிற்றெரிச்சல். நான் கால்நடை மருந்தகத்தில் உதவியாளர், ஊருக்குள் கம்பவுண்டர். பதினெட்டு வருஷமாக நாகலாபுரம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஊசி போடுகிறேன். வயிற்றில் தலை திரும்பிய குட்டியைக் கையை உள்ளே விட்டு வெளியே எடுத்திருக்கிறேன். அவர் ஓர் ஆட்டின் வாலைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் ஆட்டைப் பற்றி அவர் வாட்ஸ்அப் குழுவில் சொன்னால்தான் ஊர் கேட்கிறது.

போன ஐப்பசியில் பக்கத்து ஊரில் ஆட்டுக்கொல்லி நோய் வந்து ஒரு கிடை ஆடு முழுக்கச் செத்தது. எங்கள் ஊருக்குத் தடுப்பூசி வந்தது. ஊசி போட்ட ஆட்டின் காதில் எண் எழுதிய மஞ்சள் வில்லை மாட்டி, அந்த எண்ணைப் போனில் ஏற்ற வேண்டும் என்பது உத்தரவு. முந்தின நாள் சாயங்காலம் கடைக்காரரின் குரல் குழுவில் வந்தது. "வில்லைக்குள்ள சிப்பு இருக்கு. யாருக்கு எத்தன ஆடுன்னு கவர்மெண்ட் மேல இருந்தே பாத்துரும். பொறவு ரேஷன் கார்டு போயிரும். உஷாரா இருங்க." என்ன குரல்! செய்தி வாசிப்பவர் போல நிறுத்தி நிறுத்திப் பேசினார். எனக்கு அப்படி வராது.

மறுநாள் ஊசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியோடு போனால் ஊரில் ஓர் ஆடுகூட இல்லை. நனைந்த கரிசலுக்குள் ஓட்டிப் போய்விட்டார்கள். மழை பெய்த கரிசலில் பைக் பத்தடி போகாது, சக்கரத்தில் மண் அப்பி நின்றுவிடும். ஈரத்தில் ஆட்டை நிறுத்தினால் குளம்பு அழுகும். அது தெரிந்தும் நிறுத்தினார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். இருபது ஆடு வைத்திருக்கும் ஓர் அக்கா வரப்பில் நின்றார்.

"உங்கள நம்புதோம், கம்பவுண்டரே. உங்கள அனுப்புனவியளத்தான் நம்பல."

"அப்ப அந்தக் கடைக்காரர மட்டும் நம்புதீங்களாக்கும்?"

"அவருக்கு என்ன, கவர்மெண்ட்டா சம்பளம் குடுக்கு?"

அந்த அக்காவின் சினை ஆடு ஈன முடியாமல் கிடந்தபோது கொட்டுகிற மழையில் வந்து நின்றவன் நான். ஊசி போடாவிட்டால் அந்த இருபதும் சாகும். அவருக்குப் பிழைப்பே அதுதான்.

ஊர்க்காரர்கள் கண்ணில் படாமல், அன்று மதியமே கோவில்பட்டி பஸ் நிலையத்தில் நின்று ஒரு செய்தி எழுதினேன். அரசாங்க ஆள் எழுதக் கூடாத செய்தி. 'ஆட்டுக்கு வந்த உயர்ந்த மருந்தைப் பெரிய பண்ணைக்காரர்களுக்காக ஒளித்து வைத்திருக்கிறார்கள். வில்லை மாட்டிய ஆட்டுக்குத்தான் கிடைக்கும். கேட்டு வாங்குங்கள். எல்லோருக்கும் அனுப்பவும்.' பெயர் போடாமல், வெளியூரில் இருக்கும் மச்சான் மூலம் சுற்றவிட்டேன். சாயங்காலத்துக்குள் அது கடைக்காரரின் குரலிலேயே குழுவுக்கு வந்து சேர்ந்தது. நான் எழுதியதை என்னைவிட நன்றாகப் படித்திருந்தார். அதற்கும் வயிறு எரிந்தது.

மறுநாள் மருந்தக வாசலில் ஆடு நிற்க இடமில்லை. "எங்க ஒளிச்சு வச்சிருக்கீய?" என்று அந்த அக்காவே சண்டைக்கு வந்தார். அத்தனை ஆட்டுக்கும் ஊசி போட்டேன், வில்லையும் மாட்டினேன். எங்கள் ஊரில் ஒன்றும் சாகவில்லை. ஆனால் இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் ஐஸ் பெட்டியைத் திறந்து அடிவரைக்கும் பார்த்துவிட்டுத்தான் ஆட்டைப் பிடித்துக் கொடுக்கிறார்கள்.

ஒளித்து வைத்த மருந்தை வெளியே கொண்டுவந்தார் என்று, பொங்கலன்று டீக்கடை முன்னால் கடைக்காரருக்குச் சால்வை போட்டார்கள். என்னால் தாங்க முடியவில்லை. "அந்தச் செய்திய எழுதுனதே நாந்தான். மருந்த யாரும் ஒளிக்கல" என்றேன். கூட்டம் சிரித்தது.

கடைக்காரர் சால்வையோடு எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"பொறாமையில பேசுதீரு, கம்பவுண்டரே."

அவர் ஊருக்குச் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான். அதையும் எல்லோரும் நம்பினார்கள்.