குடிகாரக் குரல்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எந்த வேலையிலும் நான் ஒரு வருஷம் முழுதாகத் தங்கியதில்லை. ஈக்காட்டுத்தாங்கலில் கடைசல் பட்டறை, கிண்டியில் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிப்பது, சாந்தோமில் மீன் பெட்டி தூக்குவது என்று சுற்றி, ஓர் ஆடி மாதம் தி.நகரில் ஒரு துணிக்கடை வாசலுக்கு வந்து சேர்ந்தேன். வாசலில் மேசை போட்டு நைட்டிகளைக் குவித்திருப்பார்கள். எடுத்துக் காட்டுவதும் கலைந்ததை மடிப்பதும் என் வேலை. ஆளைக் கூப்பிடுவது பாயின் வேலை.

பாய் திருவல்லிக்கேணிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். மற்ற கடைகளில் விலையைக் கூவுவார்கள். பாய் வேறு ஆளாகவே மாறிக் கூவுவார். கோபக்கார மாமியார், புது மாப்பிள்ளை, மயிலாப்பூர் மாமி என்று பல குரல்கள் வைத்திருந்தார். எல்லாவற்றையும்விடக் கூட்டம் சேர்த்தது குடிகாரக் குரல். வலது கையில் ஒரு நைட்டியைத் தூக்கிப் பிடித்து, உடம்பை லேசாக ஆட்டி, நாக்குக் குழறச் சொல்வார்: "வாங்க, வாங்க! மாமா, லேட்டா வூட்டுக்குப் போறியா? வெறுங்கையோட போனா கதவு தெறக்காது. நைட்டியோட போ, சோறும் கெடைக்கும்!"

அவர் ஒரு சொட்டும் தொட்டதில்லை. தெருவுக்கே அது தெரியும். "குடிக்காதவன்தான் நைனா குடிகாரன ஒயுங்கா பார்த்து வெச்சிருப்பான்" என்பார் என்னிடம்.

அது ஆடி ஞாயிறு. தெருவில் கால் வைக்க இடமில்லை. பாய் காலையிலேயே குடிகாரக் குரலை எடுத்துவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சொற்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தன. கூட்டம் நின்று சிரித்தது. எதிரே கரும்புச் சாறு பிழியும் அக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் கத்தினாள்: "இன்னா பாய், இன்னிக்கு ஒரிஜினல் சரக்கே உள்ள போய்க்கீது போல!" அதற்கும் சிரிப்பு. கையிலிருந்த நைட்டி நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடி விழுந்தது. யாரோ கைதட்டினார்கள். சிலர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். நைட்டி நன்றாக விற்றது.

வழக்கமாகப் பாய் ஒரு குரலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருப்பார். அன்று தாவவில்லை. என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வந்தார். "நை... நை..." என்பதற்கு மேல் வரவில்லை. வாயின் வலது ஓரம் கீழே இறங்கியிருந்தது. அங்கிருந்து எச்சில் சட்டையில் வடிந்தது. நடிக்கும்போது பாயின் கண் கூட்டத்தை மேய்ந்துகொண்டே இருக்கும். இப்போது அது என்னை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே ஓடிப் போய் முதலாளி அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் கல்லாவிலிருந்து எழாமலே எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தானலே நடிக்கான். கூட்டம் எப்பிடி நிக்கி பாரு."

"நடிப்பில்ல அண்ணாச்சி. வாய் கோணிப் போச்சு."

அதற்குள் பாய் மேசையோடு சரிந்துவிட்டார். சிரித்த கூட்டம் அப்படியே சுற்றி நின்றது. ஒருவர் காற்று வரட்டும் என்று மற்றவர்களைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தானே நின்றார். யாரோ சோடாவை வாயில் ஊற்றினார்கள். அது மூக்கில் ஏறி அவர் புரைக்கேறித் தவித்தார். கரும்புச் சாறு அக்கா, "வலிப்பு வந்துகீது, இரும்பு குடுங்கப்பா!" என்று கத்த, கடையின் சாவிக்கொத்து வந்தது. வலது கையில் வைத்தார்கள். விரல்கள் மூடவே இல்லை. கொத்து தரையில் விழுந்தது. மறுபடி வைத்தார்கள், மறுபடி விழுந்தது. பிறகு இடது கையில் வைத்தார்கள். பாய் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"புட்ச்சிகினாரு பாரு! அவ்ளோதான், சரியாப்பூட்ச்சு" என்றாள் அக்கா. எல்லோர் முகத்திலும் நிம்மதி. ஒரு கை சாவியை விட்டது, இன்னொரு கை பிடித்தது. பக்கவாதம் தன் பெயரைத் தானே சொன்னது. அதைக் குணமானதாக எண்ணிக் கூட்டம் கலைந்தது.

நூற்றெட்டுக்குப் போன் போடலாம் என்றேன். அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "ஆடி ஞாயித்துக்கெழம, வாசல்ல ஆம்புலன்ஸ் நின்னா ஒருத்தனாவது உள்ள வருவானாடே? வெயிலுதான். குடோன்ல படுக்க வையி. தூங்கி எந்திச்சா சரியாப் போவும்."

தூங்க வைத்தோம். துணி மூட்டைகளின் மேல், மின்விசிறிக்குக் கீழே. நான் மேசைக்குத் திரும்பினேன். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது பாய் வேட்டியிலேயே சிறுநீர் கழித்திருந்தார். எழுப்பினால் வலப்பக்கம் மொத்தமும் பிணம் மாதிரி கனத்தது. அப்புறம்தான் ஆட்டோ வந்தது. பின்னாலேயே அண்ணாச்சியும் தன் வண்டியில் வந்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். நின்றபடியே பாயின் கையைத் தூக்கி விட்டார், சிரிக்கச் சொன்னார், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு எங்களைக் கேட்டார்: "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?"

அண்ணாச்சி உடனே சொன்னார்: "இப்பந்தான் மேடம். செத்த நேரத்துக்கு முன்ன."

டாக்டர் பரபரப்பானார். ஸ்கேனுக்குத் தள்ளச் சொன்னார், ஊசி மருந்து என்று நர்ஸிடம் ஏதோ சொன்னார். அந்த அவசரத்தைப் பார்த்துவிட்டு நான் முன்னால் போனேன். "மேடம், காலைலேர்ந்து இப்படித்தான்" என்றேன். அவர் நின்றார்.

"காலைல எப்ப ஆரம்பிச்சது?"

பாய் எப்போது நடிப்பை விட்டார், நோய் எப்போது பேச ஆரம்பித்தது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. விஷயத்தைச் சொன்னேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "ரத்தக் கட்டைக் கரைக்கிற ஊசி முதல் சில மணி நேரத்துக்குத்தான். இப்பப் போட்டா மூளைல ரத்தம் கசியும். வாய் கோணுறது, ஒரு கை விழுறது, பேச்சு குழறுறது. மூணுல ஒண்ணு இருந்தாலே போதும், அப்பவே தூக்கிட்டு வந்திருக்கணும். சோடா எல்லாம் குடுக்கவே கூடாது" என்றார். மூன்றுமே இருந்தன. மூன்றுக்கும் கைதட்டினோம்.

வெளியே வந்ததும் அண்ணாச்சி என் சட்டையைப் பிடித்தார். "நீ சும்மா இருந்திருந்தா ஊசி போட்டிருப்பாங்கல்லா? கெடுத்துட்டியேலே." மறுநாள் எனக்கு வேலை இல்லை. அது பெரிய விஷயமில்லை, எப்படியும் போகிற ஆள்தான் நான். ஆனால் அந்த ஊசியை நான்தான் தடுத்தேன் என்று தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். டாக்டர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. அப்படிச் சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு வசதி இருக்கிறது.

பாய் பிழைத்தார். சில மாதம் கழித்து வீட்டுக்குப் போனேன். சுவரோரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தெளிவாக, "வாங்க, வாங்க!" என்றார். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. நைனா என்று கூப்பிடுகிறவர் எதற்கு மரியாதை கொடுக்கிறார் என்று அப்போது தோன்றவில்லை.

அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். "அது ஒண்ணுதான் தம்பி வருது. பசிச்சாலும் வாங்க, ஒண்ணுக்கு வந்தாலும் வாங்க. நேத்து என்மேல கோவம், அதுக்கும் வாங்க வாங்கன்னே திட்டுறாரு." பாய் சிரிக்க முயன்றார். முகத்தில் பாதிதான் சிரித்தது.

கடை வாசலில் இப்போது ஆள் இல்லை, ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது. அன்றைக்கு யாரோ எடுத்த படத்திலிருந்து பாயின் குரலைப் பிரித்து, கூட்டத்தின் சிரிப்போடு சேர்த்து ஓட விட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனபோது கேட்டேன். பாயிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்தேன். அவர் மனைவிக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"எடுத்துடுங்கன்னு கேக்கப் போனேன் தம்பி. வாசல்ல நின்னு கேட்டுக்கினே இருந்தேன். அவரு பேசி எவ்ளோ நாளாச்சு. எடுக்கச் சொல்ல மனசு வரல, நானும் போன்ல புடிச்சிக்கினு வந்துட்டேன்."

போனை எடுத்து ஓடவிட்டார். குழறிக் குழறி, சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே பாய் பேசினார். கட்டிலில் இருந்த பாய் இடது கையை நீட்டினார், போன் எட்டவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "வாங்க, வாங்க, வாங்க" என்றார்.

அவர் மனைவி போனை அணைத்தார்.