எண் கேட்காத கணக்கு

குன்னூரில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் உதவியாளனாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பனிக்காலத்தில் வகுப்புக்கு வெகுமுன்பே வந்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு எல்லாக் கணினிகளையும் ஓட விடுவேன். சூடேறினால்தான் உள்ளே கோத்த ஈரம் காயும். காயாவிட்டால் என்ன ஆகுமோ என்று பயப்படுவதே என் பாதி வேலை.

அன்று கணித மாணவர்களுக்குப் புதிய நிரல்மொழி ஒன்றின் அறிமுக வகுப்பு. கோயமுத்தூரிலிருந்து வரும் ஆசிரியை முந்தின நாளே அதைக் கணினிகளில் ஏற்றிவிட்டு, "காலைல ஒரு வரி அடிச்சுப் பாத்துருங்ணா. ஓடலைன்னா கிளாஸைத் தள்ளிப் போடணும்" என்று சொல்லிப் போயிருந்தார்.

அவர் சொன்ன வரி: x + x. அடித்தேன். 2 x என்று வந்தது.

கணினி எண்ணைத்தானே தர வேண்டும்? ஈரம் ஏறி எண் எழுத்தாகிவிட்டது என்று முடிவு கட்டி, அறை ஹீட்டரைப் பக்கத்தில் இழுத்து வைத்து மறுபடி அடித்தேன். அதே 2 x. ஆசிரியைக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க மேடம், மெஷினுக்குள்ள பனி பூந்துருச்சுங்க. விடைக்குப் பதிலா எழுத்து வருதுங்க!"

அவர் சிரித்து முடிக்க நேரமாயிற்று. "அதுதாங்ணா விடை. x எத்தனைன்னு நாம சொல்லவே இல்லையே, அது எங்கிருந்து எண்ணைக் கொண்டாரும்? மொதல்ல ஹீட்டரைத் தள்ளி வைங்க, மெஷின் கருகிடப் போவுது."

பிறகு a, b இரண்டையும் கூட்டி, பத்தாம் அடுக்குக்கு உயர்த்தி, விரித்து எழுதச் சொல்லும் கட்டளையை அடிக்க வைத்தார். பள்ளியில் இரண்டாம் அடுக்கிலேயே திணறியவன் நான். இமைப்பதற்குள் அடுக்கடுக்காக உறுப்புகள் திரையில் இறங்கின. அடுத்து அவர் சொன்னபடி இரண்டின் வர்க்கமூலம் கேட்டேன். மூலக்குறியோடு அப்படியே திரும்பி வந்தது.

"தசமத்துல வேணும்னா தனியாக் கேக்கோணுங்ணா. கேக்காம அது தோராயம் சொல்லாது. மத்த மெஷினையும் பாத்துருங்க" என்று, தசமத்தில் கேட்கும் கட்டளையையும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

தெரியாத ஒன்று எதிரே வந்தால், இருப்பதிலேயே மோசமானதை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பவன் நான். இதுவோ தெரியாததைத் தெரியாததாகவே வைத்துக்கொண்டு, கூட்டிப் பெருக்கி, ஒரு பிசகும் இல்லாமல் கடைசிவரை போகிறது. அப்படியும் போக முடியுமா என்று மலைத்துப் போனேன்.

ஒவ்வொரு கணினியாகச் சோதித்தேன். எல்லாம் ஓடின. கடைசிக் கணினியில் அந்த வர்க்கமூலத்தைத் தசமத்தில் ஆயிரம் இலக்கங்களுக்குக் கேட்டேன். திரை நிறைந்தது. இன்னும் கேட்டேன். நிறைந்துகொண்டே போனது.

கதவு தடதடத்தது. "அண்ணா, கிளாஸ் உண்டா இல்லையா? எவ்வளவு நேரமாத் தட்டறது! இங்க வெறைச்சே செத்துருவோம் போல!"

"உண்டு, உண்டு" என்று தாழ்ப்பாளை நீக்க ஓடினேன்.