ஞாயிற்றுக்கிழமை வலிக்காத வயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் யாழினிக்கு வயிறு வலிக்காது. இதைக் கவனிக்கவே எனக்குப் பல வாரம் ஆனது.

மற்ற நாட்களில் விடியும் முன்னே அவள் அப்பா முரளி அவளை என் வீட்டில் விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவான். அவன் ஹெல்மெட்டைக் கையில் எடுத்ததும் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடும். குடித்த மைலோ அப்படியே வெளியே வரும். அப்போது அவளுக்கு ஐந்து வயது.

நான் செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிள்ளைக் கொட்டகை ஆயாவாக இருந்தவள். பால்மரம் வெட்டப் போன தாய்மார்கள் என்னை நம்பித்தான் தொட்டிலைக் கட்டினார்கள். முரளியும் அங்கே வளர்ந்தவன்தான். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் பிள்ளை வயிற்றைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் இருந்தேன். ஓமத் தண்ணீர் கொடுத்தேன். பெருங்காயம் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவினேன். கேட்கவில்லை.

கிளினிக்கில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். அதற்கும் கேட்கவில்லை. பிள்ளை மெலிந்துகொண்டே போனது. சட்டை தோளில் நிற்காமல் நழுவியது. ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவள் அம்மா செல்வி இரத்தப் புற்றுநோயில் இறந்துபோனதும் அங்கேதான். அந்த நடைவழியில் முரளி தலையைத் தூக்கவே இல்லை.

வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். இரத்தமும் பார்த்தார்கள். ஒரு கோளாறும் இல்லை. அப்படியானால் நடிக்கிறதா என்று நான் மலாயில் கேட்டுவிட்டேன். மலாய் டாக்டரம்மா என் கையைப் பிடித்து, “சாக்கிட் டியா பெத்துல், மக்சிக்” என்றார். அவள் வலி உண்மைதான், பெரியம்மா என்று அர்த்தம். மனதில் இருக்கும் பயம் சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்று வலியாக வருமாம். அது என்ன பயம் என்று வீட்டில் தேடச் சொன்னார்.

பயம் கிடைக்கும் முன்னே முரளியின் பாஸ்போர்ட் காணாமல் போனது. ஒரு திங்கட்கிழமை காலை முரளி என் வாசலில் நின்று பையைத் துழாவினான், இல்லை. வீட்டையே புரட்டிப் போட்டோம். கடைசியில் என் அரிசி வாளிக்குள் கிடந்தது.

“ஏன் இப்படிச் செஞ்ச? அப்பாவுக்கு வேலை போயிடும், தெரியுமா?” என்று பிள்ளையைக் கேட்டேன்.

“போகட்டும். சிங்கப்பூர் போனா யாரும் வரமாட்டாங்க. அம்மா வந்தாங்களா?” என்றாள் யாழினி.

முரளி அரிசி ஒட்டிய பாஸ்போர்ட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

செல்வி இறந்தபோது, பிள்ளை சவத்தைப் பார்க்கக் கூடாது என்று லாபிஸில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து அம்மா எங்கே என்று கேட்டவளிடம், “சிங்கப்பூர்ல வேலைக்குப் போயிருக்காங்க” என்றாள் அத்தைக்காரி. எங்கள் தாமான் குடியிருப்பில் வீட்டுக்கு ஒருவர் அங்கேதான் போகிறார்கள். பிள்ளை நம்பியது. செல்வியின் மாலை போட்ட படத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். அம்மா போய்த் திரும்பாத ஊருக்குத்தான் அப்பாவும் தினம் புறப்படுகிறார் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

டாக்டரம்மா கேட்டுவிட்டு, உண்மையைச் சொல்லுங்கள் என்றார். தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்று சுற்றி வளைக்கக் கூடாதாம்.

“எனக்கு வாய் வராது ஆயா. நீங்களே சொல்லிடுங்க” என்றான் முரளி.

“நான் சொன்னா அது ஊர்க்கதைடா. அவ அம்மாவைப் பத்தி நீதான் சொல்லணும்.”

ஞாயிற்றுக்கிழமை படத்தை வெளியே எடுத்து வைத்தான். மகளை மடியில் உட்கார வைத்தான்.

“அம்மா செத்துட்டாங்கமா. ரொம்ப உடம்பு முடியாம. டாக்டருங்களால காப்பாத்த முடியல.”

அவள் படத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“அப்போ சிங்கப்பூர்ல யாரு இருக்கா?”

“யாரும் இல்லமா. அப்பாவோட வேலைதான் இருக்கு.”

சொன்னதும் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அன்று ஞாயிறாக இருந்தும் அவளுக்கு வயிறு வலித்தது. எங்களுக்குக் காரியமெல்லாம் முடிந்த சாவு. அவளுக்கு அன்றுதான் அம்மா இறந்தாள். ஊர் கலைந்துபோன வீட்டில் ஒரு பிள்ளை தனியாகத் துக்கம் காத்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஒன்றுமில்லை, அழாதே என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கும். “அம்மாவுக்கு வலிச்சதா?” என்று யாழினி கேட்டாள். வலித்தது என்றோம். வலி வந்தால் வயிற்றில் கை வைத்து, சூடான தேத்தண்ணியை ஆற்றுவது போல மெல்ல ஊதச் சொல்வேன். டாக்டரம்மா காட்டிக் கொடுத்தது. முரளி பாலம் தாண்டியதும் போன் செய்வான்.

ஒருநாள், “அப்பா கண்டிப்பா வந்துருவாரா ஆயா?” என்றாள். முன்பென்றால் சத்தியமே செய்திருப்பேன். “வரத்தான் பார்ப்பாரு கண்ணு” என்றேன்.

இப்போது ஒன்றாம் வகுப்புப் போகிறாள். சாப்பிடுகிறாள். எப்போதாவது வலித்தால் என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொள்வாள்.

என் வயிறு பிள்ளை பெறாதது. இத்தனை காலம் பசி தவிர வேறெதற்கும் அது என்னைக் கூப்பிட்டதில்லை. இப்போது பொழுது சாய்ந்தால் உள்ளே ஏதோ புரளுகிறது. மழை என்றால் இன்னும் மோசம். நேற்றும் முரளி வர நேரமாகிவிட்டது. நான் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் உள்ளே வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

“பாலத்துல ஜாம் லா ஆயா” என்றாள், தலை நிமிராமல். “ஊதுங்க.”

ஊதினேன்.